எலும்பு கூடுவதில் ஹார்மோன்களின் பங்கு

மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் கடந்தும் எலும்பு சரிவரக் கூடவில்லை என்று எக்ஸ்ரே காட்டும்போது, கட்டு ஒழுங்காகப் போடப்படவில்லையோ என்ற ஐயமே உறவினர்களுக்கு முதலில் எழுகிறது. அந்த ஐயம் இயல்பானதே. ஆயினும், சிலருக்குக் காரணம் கட்டில் இருப்பதில்லை. இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களில் இருக்கிறது.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு உருவாகிறது. பின்னர் அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. அதன் பிறகும், எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் மாதக்கணக்கில் உழைத்தே அதற்குப் பழைய வடிவத்தைத் தருகின்றன. இச்செல்களை ஏவுவதிலும் அடக்குவதிலும் ஹார்மோன்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

தைராய்டு சுரப்பியின் பின்புறம் பெரும்பாலோருக்கு நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், இவற்றின் ஹார்மோன் எலும்பிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்கும். உணவில் கால்சியம் இருந்தும், வைட்டமின் டி போதாவிட்டால் குடல் அதனைச் சரிவர உறிஞ்சாது. வைட்டமின் என்று பெயர் பெற்றாலும், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து அது ஹார்மோனாகவே செயல்படுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அரிக்கப்படும் வேகம் கூடுகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் தைராய்டுக் கோளாறும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம்.

நாங்கள் மிகுந்த கவனத்துடன் கேட்டறிவது ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றியே. ஆஸ்துமா, முடக்குவாதம் போன்ற நோய்களுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன், எலும்பைக் கட்டும் செல்களை மந்தமாக்கும். இதைப் படித்தவுடன் அஞ்சி, அம்மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் உட்கொண்டவர்களின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரை திடீரென நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

மூட்டுவலிக்கென்று பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அவற்றை வாங்கி உண்டதைச் சொல்லப் பலரும் கூசுகின்றனர். உங்களை யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்க வரும்போது, வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், அந்தப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.