நாச்சியார்கள் காத்த சீமை

வேலு நாச்சியார் என்றதும் நம் கண்முன் வருவது குதிரையும் வாளும்தான். சிலைகளும் மேடைப் பேச்சுகளும் அந்த உருவத்தையே நமக்குப் பழக்கிவிட்டன. அது பொய்யில்லை; ஆனால் பாதிதான். கணவனை இழந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் அரியணை ஏறியது எப்படி என்ற கேள்விக்கு வாள் மட்டும் பதில் சொல்லாது. அவருடைய குடும்பத்தையும் பார்க்க வேண்டும். சிவகங்கையில் ஆளும் உரிமை தொடக்கம் முதலே பெண்களைத் தொட்டுத்தான் கைமாறி வந்திருக்கிறது. அந்த உரிமையை ஆட்சியாக மாற்றிக் காட்டியவர் வேலு நாச்சியார்.

சீமை பிறந்த கதையே ஒரு திருமணத்தில் தொடங்குகிறது. நாலுகோட்டைப் பாளையக்காரரின் மகன் சசிவர்ணத் தேவர், விஜயரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரை மணந்து ராமநாதபுரம் அரண்மனைக்கு மருமகன் ஆனார். பின்னர் எழுந்த வாரிசுச் சண்டையின் முடிவில், 1730-ஐ ஒட்டி மறவர் சீமை ஐந்து பங்காயிற்று. அதில் அவருக்குக் கிடைத்த இரண்டு பங்குதான் சிவகங்கை. வேலு நாச்சியாரும் சேதுபதி வீட்டுப் பெண்ணே. செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகளான அவர், 1746-ல் சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே ஆளும் வீடுகள்.

ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது என்பதை 1772 காட்டியது. ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயர் மாற்றப்பட்டது. மகள் வெள்ளச்சியோடு ராணி தப்பிச் சென்று, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு எழுதிய கடிதம் கேட்டது ஆறுதலை அல்ல. 5,000 குதிரைப்படையையும் 5,000 காலாட்படையையும். பிள்ளை காலமான பிறகும் ராணி அந்த உறவை விடாமல் காத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1780-ல் சீமை அவர் கைக்குத் திரும்பியது.

‘படை நடத்தியவர்கள் மருது சகோதரர்கள், ராணி பெயரளவில்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. போர்க்களத்தில் மருதுகளின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவ்வளவு வலிமை இருந்தும் அவர்கள் தங்களை அரசராக அறிவித்துக்கொள்ளவில்லை. மக்கள் ஏற்ற உரிமை நாச்சியாரிடம் இருந்தது. அந்த உரிமைதான் சிதறிய படையைச் சேர்க்கும் காரணமாகவும் அமைந்தது. இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது: பெண்கள் வழியாக உரிமை வந்தாலும் கடைசியில் ஆண்டது ஆண்கள்தானே? பெரும்பாலும் அப்படித்தான். வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவரே பிறகு அரசர் ஆனார். உரிமை பெண்ணிடம், அதிகாரம் ஆணிடம் என்ற அந்த வழக்கத்தை வேலு நாச்சியார் தம் காலத்துக்கு உடைத்தார். நிரந்தரமாக உடைக்க அவராலும் முடியவில்லை. 1796-ல் அவர் மறைந்தார்.

1801-ல் மருதுகளை ஒடுக்கிய கம்பெனி, சிவகங்கை அரச குடும்பத்தைச் சேர்ந்த கௌரி வல்லபரை ஜமீன்தார் ஆக்கியது. ஆண் வாரிசு இல்லாமல் 1829-ல் அவர் இறந்ததும் அண்ணன் மக்கள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தீர்ப்பு இந்து சட்டத்தை வைத்து வந்ததே தவிர, முன்னோரின் புகழை வைத்து அல்ல. ஜமீன் கௌரி வல்லபர் தாமே பெற்ற சொத்து, ஆகவே அது அண்ணன் மக்களுக்குச் சேராது என்று 1863-ல் முடிவாயிற்று. வாள் ஏந்தாத அந்த நாச்சியாரிடம் சிவகங்கை வந்து சேர்ந்தது.