மேசை மீது ஓடும் இரயில்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே இருப்புப்பாதை ஏறத்தாழ 37 கிலோமீட்டர். மாதிரி இரயில் ஆர்வலர்கள் பெரிதும் கையாளும் 87இல் ஒரு பங்கு அளவில் அமைத்தாலும் அதற்குச் சுமார் 425 மீட்டர் தண்டவாளம் வேண்டும்! எந்த வீட்டுக் கூடம் தாங்கும்?

அயல்நாட்டு எஞ்சின் ஒன்றே பல ஆயிரம் ரூபாய். பெட்டிகள், மின்கருவி, பலகை யாவும் தனிச் செலவு. அஞ்சல்தலைச் சேகரிப்போ வீட்டிற்கு வந்த உறைகளிலிருந்தே தொடங்கிவிடும். (அபூர்வத் தலைகளைத் தேடிப் புறப்பட்டால் அதுவும் கையைக் கடிக்கும்.)

ஆயினும் இரயில் ஒரே நாளில் வாங்கி முடிக்க வேண்டியதன்று. ஒரு வட்டப்பாதை, ஓர் எஞ்சின், இரண்டு பெட்டிகள் போதும். நிலையத்தையும் மரங்களையும் பிள்ளைகள் அட்டையிலேயே செய்யட்டும்.

பெருநாள் காசைச் சேர்த்துவைத்த மகன் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். ஐந்து திசைப் பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பிற்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். நடைமேடைச் சீட்டின் செலவிலேயே அவனது ஆர்வத்தின் ஆழம் தெரிந்துவிடும்.