இசைக்குப் புள்ளியிடுவது எவ்வாறு?

இசையைப் பரீட்சித்தல் தகுமா என்னும் வினா நம்மிடையே நெடுங்காலமாக எழுந்தும் அடங்கியும் வருகின்றது. கலையை நிறுப்பதற்குத் தராசு ஏது என்று கேட்பவர் ஒரு சாரார். பரீட்சை இல்லையேற் பள்ளிக்கூடத்தில் இசைக்கு இடமே இராது என்று மறுப்பவர் இன்னொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், பரீட்சை வேண்டுமா வேண்டாவா என்று இனி வாதிடுவதிற் பயனில்லை. க.பொ.த. உயர்தர வகுப்பிலே கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக நிலைபெற்றுவிட்டது. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அப்பரீட்சை எதனை நிறுக்கின்றது? எதனை நிறுக்காமல் விடுகின்றது?

நான் சங்கீத வித்துவான் அல்லேன். கொட்டாஞ்சேனையிலே பல்லாண்டு தமிழ் கற்பித்துவிட்டு, இப்பொழுது வெள்ளவத்தையிலே ஓய்வுகாலத்தைக் கழிக்கும் ஓர் ஆசிரியன். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் நடைபெறும் கச்சேரிகளிற் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் இரசிகன். எனினும், கற்பித்தலையும் விடைத்தாள் திருத்துதலையும் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற உரிமையோடு இதைப்பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

முதலிலே பரீட்சை செய்த நன்மையை மறத்தலாகாது. முன்னாளில் இசை ஒருசில குடும்பங்களின் முதுசொமாக இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கின. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தமிழகமும் தலைவணங்கியது. அவரிடம் எவரும் சான்றிதழ் கேட்டாரில்லை. ஆனால் அந்த மரபுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, வாயில் எது? 1929 இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்திலே இசைக்கல்லூரியைத் தொடங்கியதும், 1931 இல் இங்கே வட இலங்கை சங்கீத சபை தோன்றியதும் அவ்வாயிலைத் திறந்தன. ஈழத்திலிருந்து சிதம்பரம் சென்று சங்கீத பூஷணம் பட்டத்தோடு திரும்பியவர்கள் நம் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் ஆயினர். சங்கீத சபையோ படிப்படியாகத் தரங்களை வகுத்து, ஆறாந் தரத்தில் ‘கலாவித்தகர்’ என்ற பட்டத்தை வைத்தது. இன்ன தரத்துக்கு இன்ன உருப்படி, இன்ன இராகம், இன்ன தாளம் என்று எழுதிவைத்தமையால், குருவின் வீட்டுத் திண்ணையில் இடங்கிடைக்காத பிள்ளையும் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றது என்று அறியமுடிந்தது. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரியும், 1982 இல் மட்டக்களப்பில் விபுலாநந்த இசை நடனக் கல்லூரியும் தோன்றி, பின்னாளிற் பல்கலைக்கழகங்களோடு இணைந்தன. பள்ளியிலிருந்து பட்டம் வரை ஒரு பாதை அமைந்துவிட்டது.

அப்பாதையின் நடுவே நிற்கும் வாயில்தான் உயர்தரப் பரீட்சை. கீழைத்தேய சங்கீதம், கர்நாடக சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என மூன்று தனித்தனிப் பாடங்கள் அதில் உள்ளன. கலைப்பிரிவு மாணவி தனது மூன்று பிரதான பாடங்களுள் ஒன்றாக இவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். எழுத்துப் பரீட்சையும் உண்டு. செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பெற்ற புள்ளி அப்படியே கணக்கிடப்படுவதும் இல்லை. 2001 முதலாகப் பல்கலைக்கழக அனுமதிக்கு ‘இசட் புள்ளி’ முறை வந்துவிட்டது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்பதை, அப்பாடத்துப் புள்ளிகளின் பரம்பலைக் கொண்டு அளப்பது அம்முறை. தசமத்துக்குப் பின்னே நான்கு இலக்கம் வரை அது போகும். அந்த நான்காம் இலக்கத்தில் வாய்ப்பிழந்த பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். எனவே, ஓர் அறையில் ஒரு பிள்ளை சில நிமிடம் பாடியதற்கு இடப்படும் புள்ளி சிறு காரியம் அன்று.

இனி, எழுத்துத் தாளினைப் பார்ப்போம். எண்ணக்கூடியதைக் கேட்பது எந்தப் பரீட்சைக்கும் எளிது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையே எடுத்துக்கொள்வோம். தீரசங்கராபரணம் எத்தனையாவது மேளம்? கடபயாதி முறைப்படி ‘தீ’ என்பதற்கு 9, ‘ர’ என்பதற்கு 2, திருப்பிப்போட்டால் 29. விடை ஒன்றே, ஐயத்துக்கு இடமில்லை, யார் திருத்தினாலும் புள்ளி மாறாது. இத்தகைய அறிவு வேண்டியதே. ஆனால் எட்டாவது மேளமாகிய தோடிக்கு வாருங்கள். அதன் காந்தாரம் யாது என்று தாளிலே கேட்டால் ‘சாதாரண காந்தாரம்’ என்று எழுதி முழுப்புள்ளியும் பெறலாம். பாடச் சொன்னாலோ, அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்தசைந்து செல்லும். அந்த அசைவே தோடி. அதனை எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பாடத் தெரியாதிருக்கலாம். பாடத் தெரிந்த பிள்ளைக்கு எழுதத் தெரியாதிருக்கலாம்.

பின்னர்க் கூறியது கற்பனை அன்று. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலே தேவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்ததுண்டு. அவர்களுள் ஒருத்தி மேகராகக்குறிஞ்சிப் பண்ணிலே ஒரு பதிகத்தைத் தொடங்கினால் வகுப்பு அடங்கிவிடும். அது நீலாம்பரி என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆரோகணம், அவரோகணம் என்ற சொற்களையே அவள் அறியாள். தனியார் வகுப்புக்குப் பணங்கட்ட வீட்டில் வசதியும் இல்லை. அவள் உயர்தரத்திற்கு வேறு பாடங்களை எடுத்தாள். அவளுடைய செவியின் திறனைக் கண்டறிய எந்த வினாத்தாளும் முயலவில்லை.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மாலைவேளையில் நடந்தால், வீட்டுக்கு வீடு சுருதிப்பெட்டி ஒலிக்கக் கேட்கலாம். பரீட்சை நெருங்கிய ஒரு காலத்தில், ஒரே ஆசிரியரிடம் பயின்ற நான்கு பிள்ளைகள் கல்யாணி ஆலாபனை செய்யக் கேட்டேன். நான்கும் ஒரே ஆலாபனை. மூச்சு வாங்கும் இடமும் ஒன்று. மேற்சட்ஜத்தைத் தொட்டு இறங்கும் விதமும் ஒன்று. நம் சங்கீதத்தில், முன்னோர் இயற்றி வைத்ததைப் பாடுவது கல்பிதம். அந்தக் கணத்திலே தானாகப் படைத்துப் பாடுவது மனோதர்மம். ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் இரண்டாவதைச் சேர்ந்தவை. அந்த மனோதர்மமே மனப்பாடம் ஆகிவிட்டது. இதற்காகப் பிள்ளைகளையோ ஆசிரியரையோ நோவது நியாயமாகாது. என்ன கேட்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த பரீட்சைக்கு எவரும் இவ்வாறுதான் ஆயத்தஞ் செய்வர். பரீட்சை எதற்குப் புள்ளி வைக்கின்றதோ அதுவே வகுப்பறையில் மிஞ்சும்.

மதிப்பிடுபவர் எந்த அளவுகோலோடு வருகின்றார் என்பதும் பெரிய கேள்வி. இக்கொழும்பு மாநகரிலேயே அதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1952 இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரப்படுத்துவதற்காக, இந்துஸ்தானி இசையில் மேதையான ரத்தன்ஜன்கர் வடஇந்தியாவிலிருந்து அழைக்கப்பட்டார். சிங்கள இசையிலே தமக்கெனத் தனிவழி கண்ட சுனில் சாந்த அக்குரற் பரீட்சைக்கு முன்னிற்க மறுத்தார். வானொலியை விட்டு விலகவும் நேர்ந்தது. இந்துஸ்தானி அளவுகோலாற் சிங்கள மெல்லிசையை நிறுக்கலாமா என்பதே அன்று எழுந்த பிரச்சினை. ரத்தன்ஜன்கரின் புலமையை எவரும் ஐயுறவில்லை. அளவுகோல் பொருந்துமா என்றுதான் கேட்டனர். தேவாரப் பண்ணோடு வரும் பிள்ளையையும், கூத்துப் பாடலோடு வரும் பிள்ளையையும் கச்சேரி மேடையின் அளவுகோல் ஒன்றாலேயே அளக்கும்போது நாமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பிறர் என்ன செய்கின்றனர்? இலண்டனில் 1889 இல் நிறுவப்பட்ட அரச இசைக்கல்லூரிகளின் இணைந்த சபையின் தரப் பரீட்சைகள் கொழும்புவாசிகளுக்குப் பழக்கமானவை. அவற்றின் செயன்முறைத் தேர்வில் மொத்தப் புள்ளி 150. மூன்று உருப்படிகளுக்கு முப்பது முப்பதாகத் தொண்ணூறு. சுர வரிசைகளுக்கு 21. முன்பின் காணாத ஓர் இசைத்தாளைக் கண்டவுடன் வாசிப்பதற்கு 21. செவிப் பரீட்சைக்கு 18. சித்தியடைய நூறு வேண்டும். முன்கூட்டியே பயில முடியாத பகுதிக்கு அங்கே தனியாகப் புள்ளி ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க. இங்கிலாந்தின் உயர்தர இசைப் பாடத்திலோ, கேட்டு ஆராய்தலுக்கு நாற்பது சதவீதம். எஞ்சிய அறுபதும் இசைத்தலுக்கும் புதிதாக இயற்றுதலுக்கும் உரியன. மாணவர் இசைப்பது ஒலிப்பதிவும் செய்யப்படுகின்றது. ஒருவர் இட்ட புள்ளியை இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்க அது வழிசெய்கின்றது.

அவர்களுடைய முறையை அப்படியே இறக்குமதி செய்யவேண்டும் என்பது என் கருத்தன்று. இசைத்தாளைப் பார்த்து வாசித்தல் அவர்கள் மரபுக்கு உயிர், நமக்கு அன்று. நமக்கு உயிர் செவி. கேட்டதைத் திருப்பிப் பாடுதலே குருகுலத்தின் முதற் பாடமாக இருந்தது. அந்த முதற் பாடத்தையே பரீட்சையின் நடுவில் வைத்தால் என்ன? பரீட்சகர் ஓர் இராகத்தின் சிறு பிடியைப் பாடட்டும். பிள்ளை அதைத் திருப்பிப் பாடட்டும். பின்னர் அதிலிருந்து தொடர்ந்து செல்லட்டும். அறியாத ஒரு பாடலின் ஒலிப்பதிவைக் கேட்பித்து, இராகச் சாயலையும் தாளத்தையும் சொல்லச் செய்யட்டும். இராகத்தின் பெயரைச் சொன்னாலும் புள்ளி. பண்ணின் பெயரைச் சொன்னாலும் புள்ளி. பைரவி என்றவளும் கௌசிகம் என்றவளும் செவியால் ஒன்றையே அறிந்தவர்கள் அல்லரோ? இதற்கு மனப்பாடம் உதவாது. பணமும் பெரிதாக உதவாது.

புள்ளியிடுதல் ஆளுக்கு ஆள் வேறுபடுமே என்பர் சிலர். தமிழ்க் கட்டுரைக்குப் புள்ளியிடுவதும் அவ்வாறானதே. அதற்காகக் கட்டுரையை நாம் வினாத்தாளிலிருந்து நீக்கிவிடவில்லை. புள்ளித் திட்டத்தை வகுத்து, மாதிரி விடைகளைப் பலரும் கூடியிருந்து திருத்திப்பார்த்து, வேற்றுமையைக் குறைத்துக்கொண்டோம். இசைக்கும் அதுவே வழி. சுருதி, இலயம், இராகபாவம், கற்பனை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தகைய பாடலுக்கு எத்தனை புள்ளி என்று சொல்லால் எழுதிவைக்கலாம். பரீட்சகர்கள் முன்னதாகக் கூடி ஒரே ஒலிப்பதிவைக் கேட்டுப் புள்ளியிட்டு ஒப்புநோக்கலாம். எழுதிய விடைத்தாள் கட்டிலே கிடக்கும், மீள்திருத்தத்துக்கு எடுக்கலாம். பாடிய குரலோ பதிந்து வைத்தாலன்றிக் காற்றோடு போய்விடும். கையடக்கத் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட இந்நாளில், செலவைக் காரணங்காட்டுதல் பொருந்தாது.

செயன்முறைப் பரீட்சைக்கு வரக்கூடிய ஆபத்தையும் நாம் அண்மையிற் கண்டோம். 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் 2021 செப்டெம்பரில் வெளியானபோது, அழகியற் பாடங்களின் பெறுபேறுகள் மட்டும் அவற்றில் இல்லை. கொள்ளை நோய்க்காலத்திற் செயன்முறைப் பரீட்சைகளை நடத்த முடியாமற் போனதே காரணம். நெருக்கடி வந்தால் முதலிற் கைவிடப்படுவது எது என்பதை அது காட்டிற்று. பல்கலைக்கழகங்களின் இசைக் கற்கைக்குச் செல்லும் மாணவருக்கு உயர்தரப் புள்ளி மாத்திரம் போதாது. அங்கே தனியான உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடையவேண்டும். பாடத் தெரியுமா என்பதை அறிய இரண்டாவது வாயில் ஒன்று தேவைப்படுகின்றதென்றால், முதல் வாயிலிற் குறை உண்டு என்றுதானே பொருள்?

பாடத்திட்டக் குழுக்களில் அமர்வோரும், பள்ளிக்கூடங்களிற் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களும் இதனைச் சிந்திப்பாராக. திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நாளை முதல், வகுப்புத் தொடங்கும் ஐந்து நிமிடத்துக்குப் புத்தகத்தை மூடிவைத்து, ஒரு பிடியைப் பாடி, பிள்ளைகளைத் தொடரச் சொல்லலாம். இசை கற்க வந்தவர்களுள் யாருக்குச் செவி இருக்கின்றது என்பது அப்பொழுதே தெரியவரும். அவர்களுட் சிலர் இதுவரை பின்வாங்கிலே பேசாதிருந்தவர்களாகவும் இருக்கக்கூடும்.