இழை அறுந்தால் தறியை நிறுத்துங்கள்



ஆரணியின் நெசவாளர் தெருக்களில் காலைப் பொழுதில் நடந்து சென்றால் தறியின் ஓசை காதில் விழும். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளரைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான பட்டிழைகள் நீண்டிருக்கும். அவற்றுள் ஓர் இழை அறுந்துவிட்டால் அவருடைய கை நின்றுவிடும். அறுந்த நுனியைத் தேடி எடுப்பார், விரல்களால் இணைப்பார், அதன் பிறகே நாடாவை ஓட்டுவார். அவசரப்பட்டு அப்படியே நெய்துகொண்டு போனால், அந்தக் குறை சேலையில் கோடாக விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பட்டிழைக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையைப் பெற்ற பிள்ளைகளிடம் காட்டுகிறோமா?

இக்கேள்வியைக் கேட்பதற்கு முன் என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மாலை மதரஸாவுக்கு வந்துகொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், வயிற்றுவலி என்று சொல்லி அடிக்கடி வராமல் இருந்துவிடுவான். மருத்துவர் பரிசோதித்துவிட்டு உடலில் குறை எதுவும் இல்லை என்றார். நானோ, "பாடத்துக்குப் பயந்து நடிக்கிறாயா? ஒழுங்காகத் தொழு, எல்லாம் சரியாகிவிடும்" என்று மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவதை நிறுத்தினான். பிறகு வருவதையே நிறுத்திவிட்டான்.

மனம் கேளாமல் ஒருநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். அறிவுரை எதுவும் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டே போயிருந்தேன். திண்ணையில் இருவரும் நெடுநேரம் சும்மா அமர்ந்திருந்தோம். பின்பு அவனே வாய் திறந்தான்.

"ஹஜ்ரத், கணக்கில் தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீயாவது இந்தத் தறியில் உட்காராமல் பிழைக்க வேண்டும் என்று அத்தா தினமும் சொல்கிறார். முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் எனக்கு டியூஷன் பணம் கட்டினார். புத்தகத்தைத் திறந்தாலே வயிறு பிசைகிறது."

அவன் நடிக்கவில்லை. மனம் சொல்லத் தெரியாமல் தவித்ததை உடல் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கத் தெரியாதவனாக நான் இருந்திருக்கிறேன்.

இந்த வயதின் இயல்பு

பதின்ம வயதில் உணர்ச்சிகள் பொங்கி எழுவது பிள்ளைகளின் கெட்ட குணத்தால் அன்று. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப்பகுதி முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. நிதானித்து முடிவெடுக்கச் செய்யும் முன்மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகவே, சிறு சொல்லும் அவர்களுக்குப் பெருங்காயமாகிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு ஏதேனும் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது பிறர் வீட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலி, தூக்கக் கேடு, உணவில் வெறுப்பு, நண்பர்களை விட்டு விலகுதல், தொட்டதற்கெல்லாம் சீறுதல் ஆகியவற்றைத் திமிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இவை அறுந்த இழையின் நுனிகளாக இருக்கலாம்.

முதலில் செவி கொடுங்கள்

அனஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராக நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர். பத்தாண்டுகள் பணி செய்தும், தம்மை நோக்கி ஒருமுறைகூட "சீ" என்று நபியவர்கள் சொன்னதில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒரு சிறுவனின் பத்து வயது முதல் இருபது வயது வரையிலான காலம் அது. நம் வீட்டில் பத்து நாளாவது அப்படிக் கழிந்ததுண்டா?

பிள்ளை பேசும்போது இடையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "இதற்குப் போயா அழுகிறாய்? எங்கள் காலத்தில்..." என்று தொடங்காதீர்கள். "உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்" என்ற ஒரு வாக்கியம் போதும். மகனைப் பார்த்து "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் அருமை மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின. துக்கப்படுவது ஈமானின் குறை என்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடாதீர்கள்.

சினம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிமொழி காட்டும் வழி. பிள்ளைகளுக்கு மட்டுமன்றி நமக்கும் அது பொருந்தும். பதற்றம் மிகும்போது மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடப் பழக்குங்கள்; நெஞ்சின் படபடப்பு அடங்கும். இந்த வயதினருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. இரவில் கைபேசியைப் படுக்கைக்கு வெளியே வைக்கும் வழக்கத்தை முதலில் பெற்றோர் தொடங்கட்டும்.

மதிப்பெண் ஒன்றே வாழ்க்கையா?

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் கைவிட்டது. அரசு விட்டதை நாம் விட்டோமா? உறவினர் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிச் சொல்லி நம் பிள்ளையைக் குத்துகிறோம். தேர்வில் தவறினால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அவ்வாண்டே மேலே படிக்க வாய்ப்புண்டு. இதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

நான் குறிப்பிட்ட மாணவனின் அத்தாவிடம் இதைத்தான் கூறினேன். அன்றிரவு அவர் தறியை நிறுத்திவிட்டு மகனருகே அமர்ந்து, "தோற்றால் மறுபடி எழுதலாம்டா, நீ நல்லா இருந்தால் போதும்" என்றாராம். அவன் கணக்கில் தவறத்தான் செய்தான். துணைத்தேர்வில் தேறினான். வயிற்றுவலி மெல்லக் குறைந்து மறைந்தது.

எப்போது பிறர் உதவி வேண்டும்?

வாட்டம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சு எழுந்தாலும் தாமதிக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேட்பது பாரத்தை இறக்கி வைக்க வழி செய்யும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற தமிழக அரசின் எண்ணிலும் ஆலோசனை பெறலாம். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும் இத்தகைய துயரில் உள்ளவர்களுக்குச் செவி கொடுத்து வருகிறது.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறீர்களா? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். உள்ளத்தின் நோய்க்கு மட்டும் அதில் விலக்கு ஏது? துஆவும் கேட்போம், மருந்தும் கொடுப்போம்.

இன்றிரவு உணவு முடிந்தபின் உங்கள் பிள்ளையின் அருகே சற்று நேரம் அமருங்கள். ஒன்றும் போதிக்காதீர்கள். அவர்கள் பேசும்வரை காத்திருங்கள். அந்த அரைமணி நேரம் தறி நின்றால் கூலி சற்றுக் குறையலாம். பிள்ளையின் உள்ளத்தில் அறுந்த இழையை இணைக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.