காயலான் கடையில் கிடந்தாலும் மவுசு குறையாத 'ஆர்.எக்ஸ்.100'
வாங்கும் முன் ஆர்.சி. புக்கை பாருங்க!

துறையூர்:
திருச்சி மாவட்டம் துறையூர் அருகே, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. ஆற்றில் குளிக்க பைக்கில் வரும் வாலிபர்கள் ஏராளம். புது பைக் எத்தனை நின்றாலும், 'யமஹா ஆர்.எக்ஸ்.100' சத்தம் கேட்டால் தலை தானாக திரும்பும்.

ஜப்பான் தொழில்நுட்பத்தில் 1985-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி இது. 98 சி.சி. என்ஜின், 11 குதிரைத்திறன். எடையோ சுமார் 100 கிலோதான். இப்போதைய பைக் என்ஜினில் 2 சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். இது 'டூ ஸ்ட்ரோக்'. ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். அதான் திருகினதும் சீறுது. ஆயிலும் சேர்ந்து எரிவதால் புகை அதிகம். புகை கட்டுப்பாடு இறுகியதால் 1996-ல் தயாரிப்பு நின்றது.

ஆசை மட்டும் நிற்கவில்லை. காயலான் கடையில் துருப்பிடித்து கிடந்தாலும் அள்ளிட்டு போறாங்க. என்ஜின் எளிமையானது. போர் போட்டு பிஸ்டன் மாற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துடும். பழைய உதிரி பாகத்துக்கு சென்னை புதுப்பேட்டை இருக்கு.

உஷார்!

சிக்கலே ஆர்.சி. புக்கில்தான். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவை புதுப்பிக்கணும். என்ஜின், சேசிஸ் நம்பர் இரண்டும் புக்கோடு ஒத்துப்போகணும். இல்லாவிட்டால் கொட்டின பணம் வீண். திருட்டு வண்டியாக இருந்தால் வாங்கியவரும் போலீஸ் நிலையம் ஏற வேண்டியதுதான்.