கூலிக்கணக்கு – 9: கரணை எட்டாத கை

படித்த ஆண்டுகள் கூடக்கூடக் கூலியும் ஏறுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஜேக்கப் மின்சர் என்ற பொருளியல் அறிஞர் 1974-இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை ஒரு சமன்பாடாகவே வகுத்துக் கொடுத்தார். அதில் பள்ளியில் கழித்த ஆண்டுகளுக்கு ஓர் இடம், வேலையில் கழித்த ஆண்டுகளுக்கு ஓர் இடம். வேலை பார்த்துக்கொண்டே கற்பதும் படிப்புதான், அதற்கும் கூலியில் பலன் உண்டு என்பது அவர் கணக்கு. கூலியை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம் ஊரில் வீடு கட்டும் இடத்துக்கு வந்தால், அதன் இரண்டாம் பாதி ஆண்களுக்கு மட்டும்தான் பொருந்துகிறது.

பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு பையன் மேஸ்திரியிடம் சேர்கிறான். முதலில் பெரியாள் வேலை. மண் வெட்டுவான், கலவை போடுவான், சாரத்துக்குக் கம்பு தூக்கிக் கொடுப்பான். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் கரணையை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். அவரும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். கொஞ்ச நாள் போனால் அவரே, பார்வைக்குத் தெரியாத அஸ்திவாரச் சுவரிலோ கழிவுத்தொட்டிச் சுவரிலோ, "வையுடா பார்ப்போம்" என்பார். நூல் கட்டவும், தூக்குக்குண்டு விடவும், ரசமட்டம் பார்க்கவும் பழகிவிடுவான். மூலை எடுக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கொத்தனார். பூச்சு வேலை கடைசியில்தான் வரும். மணியாசுக் கட்டை கைக்கு அடங்க நாள் பிடிக்கும். சில வருஷத்தில் முழுக் கொத்தனார் ஆகிவிடுவான். ஒரு சான்றிதழும் இல்லை, ஆனால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

அதே மேஸ்திரியிடம் அதே நாளில் சேர்ந்த பெண் சித்தாளாகச் சேர்கிறாள். இருபது வருஷம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறாள். விலைவாசியோடு கூலி கொஞ்சம் ஏறும்; அனுபவத்துக்கென்று ஒரு ரூபாயும் ஏறாது.

அவளுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மணல் சலிப்பதும், செங்கல் நனைப்பதும், கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவதும் அவள்தான். சுவர் கட்ட ஒன்றுக்கு ஆறு, மேல்தளத்துப் பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்று கலவைக் கணக்கு மனப்பாடம். கலவை இளகிவிட்டால் பாண்டுச் சட்டியைத் தூக்கும்போதே சொல்லிவிடுவாள். கொத்தனாருக்குத் தெரிந்ததில் ஒரு பெரும்பங்கு அவளுக்கும் தெரியும். கரணை பிடித்த பழக்கம் ஒன்றுதான் இல்லை. அதை அவளுக்கு யாரும் தருவதில்லை.

"பொம்பளைக்கு அந்த பலம் ஏது?" என்பார்கள். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. நடைக்கு எட்டுக் கல், பத்துக் கல் என்று நாளெல்லாம் மாடிக்குச் சுமப்பவளுக்கா பலம் இல்லை? கரணையில் அள்ளும் கலவை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவள் கரணையைப் பிடித்துவிட்டால் குறைந்த கூலிக்குக் கல் சுமக்க ஆள் கிடைக்காது. மேஸ்திரியும் தொழில் சொல்லிக் கொடுப்பதென்றால் மச்சானுக்கும் மருமகனுக்கும்தான் சொல்லிக் கொடுக்கிறார். காரணம் அங்கேதான் இருக்கிறது.

1976-இல் வந்த சம ஊதியச் சட்டம், ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது. அந்த ஒரே மாதிரி வேலையையே கொடுக்காதபோது சட்டம் என்ன செய்யும்? இந்த ஓட்டை தெரிந்துதான் 1987-இல் அதைத் திருத்தி, பதவி உயர்விலும் பயிற்சியிலும் பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். பதிவேடே இல்லாத மேஸ்திரியை அது எட்டவில்லை. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்பின் சமத்துவப் பிரிவில் 'பயிற்சி' என்ற சொல்லே காணோம். இது பின்னடைவு என்றே சொல்வேன்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதாமல் போனபோது, ஜார்க்கண்ட் அரசு சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கரணை பிடித்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று ஊரே அவர்களை அழைத்தது. தேவை நெருக்கியதும், முடியாது என்று சொல்லிவந்த காரணமெல்லாம் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. கட்டடச் செலவில் 1 விழுக்காடு அதற்குப் போகிறது. பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி போய்விடுமே என்பதுதான் சித்தாளின் முதல் கவலை. அந்தக் கூலியை வாரியம் முழுதாகக் கொடுக்கட்டும். அரசுக் கட்டடம் எடுக்கும் ஒப்பந்தக்காரர் பெண் கொத்தனார்களை அமர்த்தியே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உள்சுவர் ஒன்றைக் கட்ட உங்கள் சித்தாளிடம் விடச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். சுவர் நூல் பிடித்தபடி நின்றால், அன்றைக்கு அந்தச் சித்தாளுக்குக் கொத்தனார் கூலியையே கொடுங்கள்.

(தொடரும்)