மலைவழியில் மூன்று சின்னங்கள்

மும்பையில் வாழும் தமிழ் மக்களுள் புணே செல்லும் பெருவழியில் பயணம் செய்யாதவர் சிலரே. ஆயினும், லோணாவளாவுக்கு அப்பால் வண்டியை நிறுத்தி மலையேறியவர் எத்தனை பேர்? பாஜா, லோஹகட், கார்லா என்னும் மூன்று இடங்களையும் ஒரே விடுமுறை நாளில் நாம் கண்டு திரும்பலாம்.

இவை இங்கே அமைந்தமைக்கு வழியே காரணம். பழங்காலத்தில் சோபாரா, கல்யாண் ஆகிய துறைகளில் இறங்கிய சரக்குகள் போர்காட் கணவாய் வழியாகத் தக்காண மேட்டுநிலத்தை அடைந்தன. 1830-இல் வண்டிச் சாலையும், 1863-இல் இருப்புப் பாதையும், 2002-இல் விரைவுச் சாலையும் இக்கணவாயையே நாடி வந்தன. வணிகர் சென்ற வழியருகே பௌத்தத் துறவியர் மழைக்காலத்தில் தங்கினர். வணிகர் பொருள் உதவினர். கரும்பாறைகள் குடைவரைகள் ஆயின.

காலையில் முதலில் பாஜாவுக்குச் செல்வோம். இங்குள்ள 22 குகைகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தொடங்கப் பெற்றவை. வழிபாட்டு மண்டபத்தின் தூண்கள் உட்புறமாகச் சற்றே சாய்ந்துள்ளன. மரக் கட்டடத்தில் கூரையின் பளுவைத் தாங்குவதற்குச் செய்த முறையைக் கல்லிலும் தச்சர் மரபு விடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பாஜாவுக்கு மேலே நிற்பது லோஹகட் கோட்டை. சிவாஜி இதனை 1665-இல் புரந்தர் உடன்படிக்கையால் இழந்து, 1670-இல் மீட்டார். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் இதுவும் ஒன்று. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. சிவாஜி 1677-இல் கைக்கொண்ட அச்செஞ்சியிலிருந்தே அவர் மகன் இராஜாராம், முகலாயர் முற்றுகையை 1698 வரை எதிர்த்து நின்றார். ஆதலின், லோஹகட்டில் நிற்கும் தமிழர் அயலார் வரலாற்றைக் காண்பதாக எண்ணவேண்டுவதில்லை.

பிற்பகலைக் கார்லாவுக்கென ஒதுக்குதல் நலம். முகப்பு மேற்கு நோக்கியிருத்தலால், குதிரை லாட வடிவப் பெருஞ்சாளரத்தின் வழியே மாலையொளி உள்ளே பாய்கின்றது. மண்டபத்தின் நீளம் 124 அடி. அகலம் 45 அடிக்கு மேற்பட்டது. கூரையிலுள்ள மரவளைவுகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அங்கேயே உள்ளன என்பது வியப்புக்குரியது.

அதனினும் நம் உள்ளத்தைத் தொடுவன கல்வெட்டுகளே. இம்மண்டபத்தை நிறுவியவர் வைஜயந்தி நகரத்து வணிகர் பூதபாலர் என ஒன்று கூறுகின்றது. வைஜயந்தி என்பது கருநாடகத்து வனவாசி. தூண் அளித்த யவனர், வாயில் அமைக்க உதவிய நறுமணப் பொருள் வணிகர், தச்சர் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. இவர்களுள் பலர் பிழைப்பின்பொருட்டு வேற்றூரிலிருந்து வந்தோர். வந்த இடத்தை வெறும் சந்தையாகக் கருதாமல், ஆளுக்கொரு தூணேனும் அளித்துச் சென்றனர்.

இன்றோ சிலர், கொடை ஒன்றும் இன்றியே தம் பெயரைக் கத்திமுனையால் அத்தகைய சுவர்களிற் கீறுகின்றனர். அவ்விழிசெயலை நம் பிள்ளைகள் செய்யாதவாறு காப்பது நம் கடமை. குடிநீரும் உறுதியான காலணியும் கொண்டு செல்க. மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். கல்வெட்டுகளைக் கையால் தொடாமல், அங்கே பெயர் எழுதப்பெற்றோர் யாவர் எனப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.